அக்ரிலிக் ஸ்வெட்டர், போர்வை, வுல்லன் நூல்: பாத்து வாங்குறது எப்படி, கெடாம துவைக்கிறது எப்படி

ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்ல வாங்குற ஸ்வெட்டரும் சரி, மார்கழி மாசம் தாத்தா தலையில ஏறுற மங்கி கேப்பும் சரி, ஃபேன்சி ஸ்டோர்ல பந்து பந்தா தொங்குற வுல்லன் நூலும் சரி, பெரும்பாலும் அக்ரிலிக்தான், அதாவது கெமிக்கல்ல இருந்து செய்யற செயற்கை இழை, ஆட்டு ரோமம் அதுல ஒரு இழை கூட இருக்காது. இத சொன்னா உடனே "அப்போ ஏமாத்திட்டாங்களா"ன்னு கேப்பாங்க. கம்பளி விலைக்கு வித்தா ஏமாத்துதான். அக்ரிலிக்க அக்ரிலிக் விலைக்கு வாங்கினா நல்ல சரக்கு, லேசா இருக்கும், சீக்கிரம் வெளுக்காது, அந்துப்பூச்சி தொடாது, வுல் மாதிரி கழுத்துல குத்தாது. ஒரே ஒரு விஷயத்த மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, இது வெயில தாங்கும், வெந்நிய தாங்காது. நான் கீழ சொல்லப்போறதுல பாதி இந்த ஒண்ணுல இருந்து வர்றதுதான்.

ஏன் அப்படின்னு கொஞ்சம் சொல்லிடறேன், காரணம் தெரிஞ்சா வாஷிங் மெஷின்ல எந்த பட்டன அமுக்கணும்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல. அக்ரிலோநைட்ரில்னு ஒரு கெமிக்கல், ப்ரொப்பிலீனையும் அம்மோனியாவையும் வச்சு தயாரிக்கிறது, அது எடையில குறைஞ்சது 85 சதவீதம் இருந்தாதான் அந்த இழைக்கு அக்ரிலிக்னு பேர். 35ல இருந்து 85க்குள்ள இருந்தா மோடாக்ரிலிக், அது வேற குணம், அப்புறம் வரேன். அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனி 1941ல இத கண்டுபிடிச்சு, 1950ல ஆர்லான்னு பேர் வச்சு சவுத் கரோலினாவுல பெரிய அளவுல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல அவ்ளோ வருஷம் ஆனதுக்கு ஒரு பெரிய காரணம், நைலான உருக்கி சல்லடை மாதிரி ஓட்டை வழியா தள்ளி இழையாக்குற வேலை இதுகிட்ட நடக்கல. சூடு பண்ணினா உருகி தண்ணியா ஆகுறதுக்கு முன்னாடியே கெட்டுப்போகும், அதனால சரியான சால்வென்ட் ஒண்ண தேடிப்பிடிச்சு அதுல கரைச்சுதான் இழுக்க வேண்டியிருந்துச்சு. சூட்டோட இதுக்கு பொறந்ததுல இருந்தே ஆகல.

அந்த இழைய அப்புறம் சின்னச் சின்னதா வெட்டி, சுருள் குடுத்து, கம்பளி மாதிரியே நூலா திரிக்கிறாங்க. ஸ்வெட்டர் நூல்ல ஒரு தந்திரம் இருக்கு, ரெண்டு வகை இழைய கலந்து திரிப்பாங்க, ஒண்ணு ஏற்கனவே சுருங்கி முடிச்சது, இன்னொண்ணு இழுத்து வச்சிருக்கறது. நூல் ஆனப்புறம் ஸ்டீம் காட்டினா இழுத்து வச்சது சட்டுனு சுருங்கும், மத்தது போக இடமில்லாம வெளிய வளைஞ்சு புடைச்சு நிக்கும், நூல் பொசுபொசுன்னு ஆயிடும். அந்த புடைப்புக்குள்ள மாட்டிக்கிற காத்துதான் நமக்கு கதகதப்பு குடுக்குது. இத ஹை பல்க் நூல்னு சொல்வாங்க. நம்ம கடைங்களுக்கு வர்ற ஸ்வெட்டர்ல நிறைய லூதியானா சரக்கு, இந்த மாதிரி நூல்ல பின்னினது. இப்போ யோசிச்சுப் பாருங்க, ஃபேக்டரில அளந்து குடுத்த சூடு செஞ்ச வேலைய வீட்ல கொதிக்கிற தண்ணியும் இஸ்திரிப் பெட்டியும் அளவில்லாம செஞ்சா என்ன ஆகும். புடைப்பு படுத்துரும், திரும்ப எழுந்திரிக்காது.

சரி, வாங்குறதுக்கு வருவோம். முதல்ல கழுத்துக்குப் பின்னாடியோ பக்கத் தையல்லயோ இருக்கற லேபிள படிங்க, முன்னாடி தங்கக் கலர்ல தொங்குற அட்டைய நம்பாதீங்க. அதுல 100% அக்ரிலிக்னு இருந்தா சந்தோஷம். அக்ரிலிக்-வுல் கலவைன்னா எத்தனைக்கு எத்தனைன்னு பாருங்க, 90க்கு 10 கலந்துட்டு வுல் பிளெண்ட்னு பெருசா போட்டிருப்பாங்க, அந்த பத்து சதவீதத்துக்காக கூட காசு குடுக்க வேண்டாம்ங்கறது என் கருத்து. அப்புறம் கட்டைவிரலால துணிய ஒரே இடத்துல கொஞ்ச நேரம் அழுத்தி தேச்சுப் பாருங்க, அங்கயே நார் கிளம்பி சின்ன உருண்டை கட்ட ஆரம்பிச்சா அந்த ஸ்வெட்டர் ஒரு சீசன் தாண்டாது, முறுக்கு கம்மியா, குட்டை இழையில திரிச்ச நூல் அது. கை மணிக்கட்டு கிட்ட இருக்கற ரிப்ப, அதாவது வரி வரியா இறுக்கமா பின்னின பட்டிய, இழுத்து விடுங்க, பழைய அளவுக்கு டக்குனு வந்துரணும். சோம்பலா வந்தா ரெண்டாவது தடவ துவைக்கறப்போ கை முழம் நீளத்துக்கு தொங்கிரும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா பின்னல் ஒரே சீரா தெரியணும். இவ்ளோதான், மிச்சம் கலரும் உங்க இஷ்டமும்.

லேபிள் இல்லாத சரக்கு, "ப்யூர் வுல்லு சார், காஷ்மீர்ல இருந்து வருது"ன்னு ஒருத்தர் சத்தியம் பண்றார்னா, வீட்டுக்கு வந்து டெஸ்ட் பண்ணலாம். உள்பக்க தையல்ல நீட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு மூணு இழைய உருவி, ட்வீசர்ல பிடிச்சு, ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி அதுக்கு மேல வச்சு கொளுத்துங்க. ஜன்னல திறந்து வச்சிருங்க, பக்கத்துல குழந்தைங்க வேண்டாம். கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், நெருப்ப எடுத்ததும் தானா அணையப் பாக்கும், சாம்பல விரல்ல நசுக்கினா தூளாகும். பருத்தின்னா காகிதம் எரியற வாசனை, லேசான சாம்பல். அக்ரிலிக் சட்டுனு பத்திக்கும், படபடன்னு எரியும், கரும்புகை விடும், நெருப்ப எடுத்தாலும் நிக்காம எரியும், கடைசில கோணல்மாணலா ஒரு கருப்பு கட்டி மிஞ்சும், ஆறினப்புறம் நசுக்கினா நசுங்காது. பாலியெஸ்டரும் கட்டியாகும், ஆனா அது எரியறதுக்கு முன்னாடி உருகி சொட்டும், கட்டி வழுவழுன்னு உருண்டையா இருக்கும். அக்ரிலிக் புகைய கிட்ட போய் மோந்து பாக்காதீங்க, அதுல ஹைட்ரஜன் சயனைடு வரும், ரெண்டு இழைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்காக ஒரு முழம் நூல கொளுத்தி ஆராய்ச்சி பண்ண வேண்டாம்.

நெருப்பு பயமா இருந்தா இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடிக்கும். வெள்ளைத்துணிக்கு போடற குளோரின் ப்ளீச்ச தண்ணி கலக்காம ஒரு சின்ன கண்ணாடி டம்ளர்ல ஊத்தி இழைய போட்டு வச்சிருங்க. கம்பளியா இருந்தா நுரை நுரையா கிளம்பி கொஞ்ச நேரத்துல கரைஞ்சே போயிடும், பட்டும் அப்படித்தான். அக்ரிலிக் கலர் வேணா மாறும், இழை அப்படியே கிடக்கும். கலவை நூலா இருந்தா பாதி காணாமப் போய் பாதி மிஞ்சும், எவ்ளோ வுல்னு குத்துமதிப்பா தெரிஞ்சிடும். அந்த டம்ளர்ல ஆசிடோ பாத்ரூம் கிளீனரோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, விஷவாயு வரும்.

எங்க போடறதுன்னும் கொஞ்சம் யோசிக்கணும். கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு கிட்ட ஈரத்த உறிஞ்சியும் ஈரமா தெரியாது, அக்ரிலிக் சாதாரண காத்துல ரெண்டு சதவீதம் கூட பிடிக்காது. அதனால வேர்த்தா வேர்வை உடம்புலயே நிக்கும், நசநசன்னு இருக்கும். உள்ள ஒரு காட்டன் பனியனோ டி-ஷர்ட்டோ போட்டு மேல அக்ரிலிக் போடுங்க, கோயம்புத்தூர் மார்கழிக்கும் பெங்களூர் டிசம்பருக்கும் அது தாராளம். மலை ஏறுறவங்க, ராத்திரி பூரா பனியில நடக்கறவங்க உடம்ப ஒட்டி அக்ரிலிக் போட வேண்டாம். பைக்ல போறவங்களுக்கு ஒரு விஷயம், பின்னல் ஓட்டை வழியா காத்து நேரா உள்ள வரும், ஸ்வெட்டர் எவ்ளோ தடியா இருந்தாலும் நெஞ்சு நடுங்கும், மேல ஒரு மெல்லிசு விண்ட்சீட்டர் போட்டா உள்ள இருக்கற காத்து அப்படியே நிக்கும், அப்பதான் ஸ்வெட்டர் போட்ட பலனே தெரியும். அடுப்படில மட்டும் கழட்டி வச்சிருங்க, முக்கியமா தொளதொளன்னு கை இருக்கற மாடல். ஈரம் பிடிக்காத துணி, மேல பூரா நார் நாரா இருக்கு, கேஸ் அடுப்பு கிட்ட போனா எப்படி பத்தும்னு மேல டெஸ்ட்லயே பாத்துட்டோம். குத்துவிளக்கு ஏத்தறப்போ தொங்குற சால்வைக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போ துவைக்கிறது. அக்ரிலிக் காஞ்சு இருக்கறப்போவே 90 டிகிரி கிட்ட இளக ஆரம்பிக்கும், ஈரமா இருந்தா இன்னும் கீழயே, 70 டிகிரி பக்கத்துலயே இளகிரும். இளகின நேரத்துல எந்த ஷேப்ல இருக்கோ, ஆறினா அந்த ஷேப்லயே நிலைச்சுப் போயிடும். கெய்சர் தண்ணில ஊறவச்சு முறுக்கிப் பிழிஞ்ச ஸ்வெட்டர் ஏன் கயிறு மாதிரி மடிப்போட நிக்குதுன்னு புரியுதா. பச்சைத்தண்ணி போதும், மெஷின்னா 30 டிகிரி, வுல்லன்ஸ் இல்லன்னா டெலிகேட் ப்ரோக்ராம். ஃப்ரண்ட் லோடு வச்சிருக்கறவங்க கவனிங்க, காட்டன் ப்ரோக்ராம்ல பல மெஷின் தானாவே 40, 60ன்னு ஏத்தி வச்சிருக்கும், ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பர ஒரு தடவ பாருங்க. உள்பக்கத்த வெளிய திருப்பி, பட்டன் ஜிப் எல்லாம் மூடி, நெட் பைக்குள்ள போட்டு லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமா ஊத்துங்க, ஜீன்ஸோட ஒண்ணா போடாதீங்க, அந்த உரசல்லதான் உருண்டை கட்டுது. கையில துவைச்சா பக்கெட்ல அமுக்கி அமுக்கி எடுத்தா போதும், துவைக்கிற கல் பக்கம் கொண்டு போகவே கூடாது. கடைசி அலசல்ல ஒரு மூடி ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தினா துணி மெதுமெதுன்னு இருக்கும், தலை வழியா கழட்டறப்போ பட்டுபட்டுன்னு பொறி வந்து முடி தூக்கிட்டு நிக்கிற ஸ்டாட்டிக் தொல்லையும் குறையும். சென்னை காத்துல ஈரம் இருக்கறதால அந்த பிரச்சனை அவ்ளோவா தெரியாது, டெல்லில இருக்கறவங்க ஜனவரில கதவுக் கைப்பிடிய தொடவே பயப்படுவாங்க.

காய வைக்கிறப்போதான் நிறைய ஸ்வெட்டர் சாகுது. ஹேங்கர்ல மாட்டாதீங்க, கொடில நடுவுல கிளிப் போட்டு தொங்கவும் விடாதீங்க, பின்னலுக்குள்ள நிக்கிற தண்ணியோட கனமே தோள்பட்டைய இழுத்து ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி ஆக்கிரும். ஒரு காஞ்ச துண்டு மேல விரிச்சு, துண்டோட சேத்து பாய் சுருட்டற மாதிரி சுருட்டி அமுக்கினா பாதி தண்ணி துண்டுக்கு வந்துடும். அப்புறம் நைலான் வயர் கட்டில் மேலயோ மொட்டை மாடில ஒரு பாய் மேலயோ படுக்க வச்சு, கையும் கழுத்தும் சரியான அளவுக்கு இழுத்து தட்டி விடுங்க. நிழல்லதான் காய வைக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. அது கம்பளிக்கும் பட்டுக்கும் சரி, அக்ரிலிக்குக்கு வெயில் ஒரு பொருட்டே இல்ல, துணிக்குன்னு இருக்கற இழைங்கள்லயே வெயிலுக்கு ரொம்ப நல்லா தாக்குப்பிடிக்கிறதுல இது ஒண்ணு. தண்ணியே குடிக்காத துணிங்கறதால காலைல போட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுரும்.

இஸ்திரி வேண்டவே வேண்டாம். தெருமுனை இஸ்திரி வண்டில குடுக்கற மூட்டையில இது போயிடாம பாத்துக்கோங்க, கரிப்பெட்டில சூட்ட கூட்டறது குறைக்கிறதுன்னு ஒண்ணும் இல்ல, பாவம் அவரையும் குத்தம் சொல்ல முடியாது. கட்டாயம் தேய்க்கணும்னா ஒத்தப் புள்ளி சூடு, அதாவது 110 டிகிரிக்கு மேல போகாம, உள்பக்கம் திருப்பி, மேல ஒரு பழைய வேட்டித் துணி போட்டு, ஸ்டீம் இல்லாம ஒரு இழுப்பு. குரோஷா போடறவங்க சில பேர் வேணும்னே ஸ்டீம் காட்டுவாங்க, சால்வை மொறமொறன்னு நிக்காம வழிஞ்சு விழணும்னு. அது நடக்கும், அழகாவும் இருக்கும், ஆனா பெட்டி துணிய தொடாம மேலயே பிடிக்கணும், ஒரு சின்ன சாம்பிள் பின்னி அதுல முதல்ல பாத்துடுங்க, ஏன்னா திரும்ப பழைய பொசுபொசுப்பு வராது.

அக்குள்லயும் இடுப்புலயும் வர்ற அந்த உருண்டைங்கள கையால பிச்சு எடுக்காதீங்க, ஒண்ண பிச்சா உள்ள இருந்து இன்னும் நார் இழுத்துட்டு வந்து ரெண்டா ஆகும். பேட்டரில ஓடற லிண்ட் ரிமூவர் வாங்கி, துணிய ஒரு அட்டை மேல இறுக்கமா விரிச்சு, மேலாப்புல ஓட்டுங்க. எடுத்து வைக்கறப்போ நாப்தலீன் உருண்டை தேவையில்ல, அந்துப்பூச்சிக்கு வேண்டியது ரோமத்துல இருக்கற புரதம், அது இதுல கிடையாது. நல்லா காஞ்சிருக்கணும், அழுக்கு இல்லாம இருக்கணும், அவ்ளோதான். காத்த உறிஞ்சி அப்பளமா ஆக்குற வேக்யூம் பை மட்டும் வேண்டாம், வருஷக்கணக்கா நசுங்கிக் கிடந்தா பொசுபொசுப்பு போயிடும்.

போர்வை கதை கொஞ்சம் வேற. மிங்க் போர்வைன்னு பூப்போட்டு பளபளன்னு, தூக்க முடியாத கனத்துல விக்கிறாங்களே, அதுல மிங்க்கும் கிடையாது வேற எந்த மிருகமும் கிடையாது, அக்ரிலிக் இல்லன்னா பாலியெஸ்டர். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், பொதுவா அக்ரிலிக் கொஞ்சம் கம்பளித்தனமா மெத்துன்னு இருக்கும், பாலியெஸ்டர் வழுக்கும், உறுதியா தெரியணும்னா லேபிள் இல்லன்னா நெருப்புதான். பானிபட்ல இருந்து வர்ற இன்னொரு வகை இருக்கு, வெளிநாட்டுல தூக்கிப்போட்ட பழைய ஸ்வெட்டருங்கள கிழிச்சு நாராக்கி மறுபடி நூலா திரிச்சு நெய்யறது, விலை ரொம்ப கம்மி, கொஞ்சம் சொரசொரப்பு, அதுல கம்பளி அக்ரிலிக் எல்லாம் கலந்தே கிடக்கும். வெள்ள நிவாரணத்துக்கு குடுக்கறது அனேகமா இந்த ரகம். பெரிய மிங்க் போர்வைய வீட்டு மெஷின்ல திணிக்கறதுக்கு முன்னாடி மெஷினோட கிலோ கணக்க பாருங்க, ஈரத்துல கனம் எகிறிடும், டிரம் ஒரு பக்கமா ஆடும். மாடில ஒரு பெரிய டப்ல போட்டு கால்ல மிதிச்சு துவைக்கிறது எவ்ளோவோ மேல். ஒத்தக் கொடில தொங்கவிடாம ரெண்டு கொடிய பக்கத்துல பக்கத்துல கட்டி அது மேல போடுங்க, இல்ல அகலமான கைப்பிடிச் சுவர் இருந்தா அதுல. காஞ்சதும் மென்மையான பிரஷ்ஷால ஒரே திசையில சீவி விட்டா பளபளப்பு திரும்பும். கொசுவத்திய இந்தப் போர்வை தொங்குற கட்டிலுக்கு கீழ வைக்கவே வைக்காதீங்க.

பால்கனிக்கு நிழல் துணி, வெளிய போடற சோஃபா குஷன், இதுக்கெல்லாம் அக்ரிலிக்க மிஞ்ச ஆளில்ல, இத நம்ம ஊர்ல அவ்ளோவா யாரும் சொல்றதில்ல. கடையில சொல்யூஷன் டைடு அக்ரிலிக் இருக்கான்னு கேளுங்க. இழையாக்குறதுக்கு முன்னாடி அந்த கரைசல்லயே கலர கலந்துடறாங்க, மாவு பிசையறப்பவே மஞ்சள் போட்ட மாதிரி உள்ள வரைக்கும் ஒரே கலர், அதனால வருஷக்கணக்கா வெயில்ல கிடந்தாலும் சீக்கிரம் மங்காது. மழைக்காலத்துல மேல கருப்பு பூஞ்சை பிடிச்சா தண்ணில கொஞ்சம் குளோரின் ப்ளீச்சும் சோப்பும் கலந்து மெதுவா தேச்சு நல்லா அலசலாம், சாதாரண கலர் துணில இத செஞ்சா துணி காலி. தண்ணி ஒட்டாம உருண்டு ஓடறது மட்டும் மேல பூசின கோட்டிங்னால, அது சில வருஷத்துல தேஞ்சுரும், மறுபடி ஸ்ப்ரே அடிக்கணும்.

மோடாக்ரிலிக்னு மேல சொன்னேன்ல, அது லேசுல பத்தாது, நெருப்ப எடுத்தா அணைஞ்சிடும், அதனாலதான் சவுரி முடி, ஃபர் பொம்மை, ஃபேக்டரில போடற பாதுகாப்பு உடைன்னு அங்கெல்லாம் அத போடறாங்க.

நூல் வாங்கி பின்றவங்களுக்கு. ஒரு போர்வைக்கு எவ்ளோ வேணும்னு கணக்கு போட்டு மொத்தத்தையும் ஒரே தடவையில வாங்குங்க, சுத்தி இருக்கற தாள்ல லாட் நம்பர், அதாவது ஒண்ணா சாயம் போட்ட சரக்கோட நம்பர், எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, வேற லாட்ல அதே சிவப்பு பக்கத்துல வச்சா வேற சிவப்பா தெரியும். வெள்ளை நூல் வாங்கி வீட்ல சாயம் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, இதுக்கு தனி சாயம், கொதிநிலை பக்கத்துல சூடு எல்லாம் வேணும், காட்டனுக்கு விக்கிற பாக்கெட் பொடி பிடிக்கவே பிடிக்காது, அலசினா எல்லாம் போயிடும். பொம்மை, குழந்தை தொப்பி, வாசல் தோரணம், கொலு அலங்காரம், இதுக்கு அக்ரிலிக் பிரமாதம், அடிக்கற ஆரஞ்சும் ராமர் பச்சையும் இந்த நூல்லதான் அவ்ளோ பளிச்சுனு வரும். சூடான பாத்திரம் இறக்கற பிடிதுணி, சாப்பாட்டு மேஜையில வைக்கிற மேட், இத மட்டும் அக்ரிலிக்ல பின்னிறாதீங்க, யூடியூப்ல எத்தனை பேர் அழகா பின்னிக் காட்டினாலும் சரி, அடுப்புல இருந்து நேரா வர்ற குக்கர் அடில அது இளகி ஒட்டிக்கும், கையும் சுடும். அதுக்கு காட்டன் நூல். ஜப்பான்ல இந்த நூல்ல பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பர் பின்றது ரொம்ப சகஜம், எண்ணெய் இல்லாத டம்ளர் சோப்பே இல்லாம பளிச்சுனு ஆகும், ஆசையா இருந்தா மிச்ச நூல்ல ஒண்ணு போட்டுப் பாருங்க.

ஆனா அதுலயும் ஒரு ஆனா இருக்கு. இது பிளாஸ்டிக்தானே, துவைக்கிறப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள் தண்ணியோட போகுது. இங்கிலாந்துல ப்ளைமவுத் பல்கலைக்கழகத்துல 2016ல அளந்து பாத்தாங்க, 6 கிலோ அக்ரிலிக் துணிய ஒரு தடவ மெஷின்ல துவைச்சா 7 லட்சத்துக்கு மேல இழைத் துகள் வெளிய வரலாம்னு கணக்கு வந்துச்சு, பாலியெஸ்டர்ல கிட்டத்தட்ட 5 லட்சம், பாலியெஸ்டர்-காட்டன் கலவையில 1.4 லட்சம் பக்கம். மூணுல இதுதான் மோசம். அதுக்காக இருக்கறத தூக்கிப் போட வேண்டாம், தூக்கிப் போட்டா அது வேற குப்பை, துவைக்கிறத குறைங்க. உள்ள காட்டன் போட்டு மேல போடற ஸ்வெட்டர் ஒவ்வொரு தடவையும் அழுக்காகுறதில்ல, ராத்திரி காத்தாட விரிச்சு வச்சுட்டு மறுநாள் போடலாம். துவைக்கிற அன்னைக்கு மெஷின அரைகுறையா ஓட்டாம மத்த மெல்லிசு துணிங்களோட நிறைச்சு, குறைஞ்ச நேர ப்ரோக்ராம்ல ஓட்டுங்க.

பழசானா பிரிச்சு நூல திரும்ப எடுக்கலாமான்னு கேப்பீங்க. பக்கத் தையல பிரிச்சுப் பாருங்க, ஓரம் வெட்டாம பின்னல் கண்ணாவே முடிஞ்சிருந்தா நூல் நீளமா வரும். வெட்டி ஓவர்லாக் அடிச்சிருந்தா ஒவ்வொரு வரிசையும் தனித்தனி துண்டா கையில வரும், அத விட்டுட்டு குஷனுக்குள்ள அடைச்சிருங்க, நாய்க்குட்டிக்கு படுக்கை போடலாம். நீளமா வந்த நூல் சுருள் சுருளா இருக்கும், கம்பளி நூலுக்கு பண்ற மாதிரி கொதிக்கற தண்ணி ஆவில காட்டாம, சாதா தண்ணில நனைச்சு, நாலு இடத்துல தளர்வா முடிச்சு போட்டு, அடில ஒரு சின்ன தண்ணி பாட்டில கட்டி வெயில்ல தொங்கவிடுங்க, ஓரளவு நேராகும், மிச்ச சுருள் மறுபடி பின்றப்போ பெருசா தெரியாது.